தொட்டியில் குட்டை மா: குறை எந்த இலையில் தெரிகிறது?

மாமரத்தில் ஏதோ சரியில்லை என்று தோன்றியவுடன் மருந்துக் குப்பியைத் தேடுவதற்கு முன், குறை கொழுந்தில் தெரிகிறதா, முற்றிய இலையில் தெரிகிறதா, பூவில் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மா ஆண்டு முழுவதும் சீராக வளரும் மரம் அன்று. நுனிமொட்டு விழித்து ஒரே வீச்சில் ஒரு கொத்து இலைகளை விடும். அவை சில வாரங்களில் முற்றும். அதன்பின் அந்தக் கிளை வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், அசைவின்றி உறங்கும். கொழுந்தைத் தாக்கும் பூச்சி முற்றிய இலையைச் சீண்டாது. வேரில் உள்ள குறையோ பெரும்பாலும் முற்றிய இலையில்தான் முதலில் தெரியும். ஆகவே எந்த இலை என்ற ஒரு கேள்வியிலேயே பாதி விடை கிடைத்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் மா வளர்த்துப் பழகியவர்களை இங்கே சிங்கப்பூரில் குழப்புவது மாதக்கணக்கு. அங்கே மார்கழியின் குளிர்ந்த, வறண்ட இரவுகளுக்குப் பிறகு தை, மாசியில் மரம் முழுவதும் பூத்துக் குலுங்கும். சிங்கப்பூரில் அத்தகைய குளிர் இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நவம்பர் முதல் ஜனவரி வரை மிகுதியாகவும், பிப்ரவரியில் குறைவாகவும் பெய்கிறதே தவிர, உண்மையான வறண்ட பருவம் என்று ஒன்று இல்லை. அதனால் ஒரே தொட்டி மரத்தில் ஒரு கிளை உறங்கும்போது இன்னொரு கிளை கொழுந்து விடும், மூன்றாவது பூக்கும். நாள்காட்டியைப் பார்ப்பதைவிட ஒவ்வொரு கிளையின் கொழுந்தையும் பார்த்து நடந்துகொள்வதே இந்த ஊருக்குப் பொருந்தும் முறை என்பது என் உறுதியான கருத்து.

புதிய இலைகள் செம்பு நிறத்தில் துவண்டு தொங்குகின்றன

இது நோயன்று. மாவின் கொழுந்து இயல்பாகவே செம்மையாகவோ வெளிர்பச்சையாகவோ, துணி போலத் தளர்ந்தே வரும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் அது நிமிர்ந்து கரும்பச்சையாகிவிடும். வாடிவிட்டது என்று எண்ணி நீரை அள்ளி ஊற்றாதீர்கள்.

கொழுந்து இலைகள் குறுக்கே வெட்டப்பட்டுத் தரையில் கிடக்கின்றன

எங்கள் புளோக்கில் மேல்மாடியில் குடியிருக்கும் அக்கா ஒருவர், கையில் ஐந்தாறு இலைத்துண்டுகளோடு வந்து, “தம்பி, யாரோ பிள்ளைகள் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டுப் போகிறார்கள்” என்று மிகவும் வருந்தினார். வெட்டு அவ்வளவு நேராக இருந்தது. ஆனால் அதைச் செய்தது இலை வெட்டும் கூன்வண்டு என்னும் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள பூச்சி. மரத்தில் காம்போடு ஒட்டிய சிறு அடிப்பகுதி மட்டும் எஞ்சி நிற்க, மீதி இலை கீழே கிடந்தால் வேறு எதையும் ஐயுற வேண்டியதில்லை.

இதன் வாழ்க்கை முறையைத் தெரிந்துகொண்டால் மருந்தே தேவைப்படாது. பெண்வண்டு இளங்கொழுந்தின் மீது முட்டையிட்ட பிறகுதான் இலையை வெட்டி வீழ்த்துகிறது. கீழே விழுந்த துண்டுக்குள் புழு பொரித்து, இலையின் திசுவைத் தின்று வளர்ந்து, மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, அடுத்த கொழுந்து வரும் வேளையில் வண்டாக வெளிவருகிறது. எனவே விழுந்த துண்டுகளை அன்றாடம், ஒன்றுகூட விடாமல் பொறுக்கி, நெகிழிப் பையில் இட்டு இறுகக் கட்டிக் குப்பையோடு எறிந்துவிட வேண்டும். அவற்றை உரத்தொட்டியில் போடுவதும், தொட்டி மண்மீது மூடாக்காக விட்டுவைப்பதும் வண்டை வளர்ப்பதற்கே ஒப்பாகும். கூடவே, நுனிமொட்டு பருக்கத் தொடங்கியவுடன் அந்தக் கிளைநுனிக்கு மெல்லிய வலைப்பையை மாட்டி, இலை பச்சையாகித் தடிக்கும்வரை விட்டுவையுங்கள். முற்றிய இலையை இந்த வண்டு நாடுவதில்லை என்பதால் வலை வேண்டியது அந்தச் சில வாரங்களுக்கு மட்டுமே. தொட்டி மரத்தில் கிளைநுனிகள் பத்து, பதினைந்துக்கு மேல் இருப்பதில்லை. ஆகவே இது செய்யக்கூடிய வேலைதான். அந்த அக்காவின் மரம் இரண்டு கொழுந்துகளை வலைக்குள் முற்றவிட்ட பிறகு முழு இலையோடு நிற்கிறது.

கொழுந்திலேயே வேப்பம்பழ விதை போன்ற சிறு புடைப்புகள் எழுந்தால் அது கொப்புளம் உண்டாக்கும் ஈயின் வேலை. மோசமான இலைகளைக் கிள்ளி எறிந்தால் போதும். கொழுந்தின் தண்டு மட்டும் நுனியிலிருந்து வாடி, பிளந்து பார்த்தால் உள்ளே புழு இருந்தால், வாடிய இடத்துக்கு ஒரு சாண் கீழே நல்ல தண்டில் வெட்டிவிடுங்கள்.

முற்றிய இலைகளின் நுனியும் ஓரமும் கருகுகின்றன

இதற்கு நேர்மாறான இரண்டு காரணங்கள் உண்டு. தவறாகக் கணித்தால் நிலைமை மோசமாகும். தொட்டி மண்ணின் மேற்பரப்பிலோ வடிதுளையைச் சுற்றியோ வெண்மையான படிவு தெரிந்தால், உரத்தின் உப்பு வேரைச் சுட்டிருக்கிறது. மழை நேரடியாக விழாத தாழ்வாரத்திலும் பால்கனியிலும் இது மிகவும் பரவலான குறை. உரமிடுகிறோமே தவிர, மிஞ்சிய உப்பைக் கழுவிச் செல்ல அங்கே மழை இல்லை. தொட்டியின் கொள்ளளவைப்போல் இரு மடங்கு நீரை, கீழ்வீட்டாருக்கு இடையூறு நேராதபடி குளியலறையிலோ வடிகால் உள்ள இடத்திலோ வைத்து, மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். பிறகு ஆறு வாரங்களுக்கு உரமே வேண்டாம். ஏற்கெனவே கருகிய நுனி பச்சையாகாது. அடுத்த கொழுந்து கருகாமல் முற்றினால் சரியாகிவிட்டது என்று பொருள்.

வெண்படிவு இல்லாமல், மண்ணுக்குள் விரலை இரண்டு கணு ஆழம் விட்டால் எப்போதும் சேறாகவே இருக்கிறது என்றால், காரணம் அடுத்து வருவது.

மண்ணில் ஈரம் இருந்தும் மரம் வாடுகிறது

வேர் அழுகுகிறது. வேருக்கு நீரைப் போலவே காற்றும் வேண்டும். நீர் தேங்கிய மண்ணில் காற்று இல்லாததால் வேர் இறக்கிறது, இறந்த வேர் நீரை உறிஞ்ச முடியாததால் இலை வாடுகிறது, வாடியதைப் பார்த்து நாம் இன்னும் நீர் ஊற்றுகிறோம். என் முதல் மாவை நான் இழந்தது இப்படித்தான். டிசம்பர் மாதத் தொடர்மழையில் தொட்டியின் வடிதுளையைச் சல்லிவேர் அடைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. மரம் துவண்டபோது தாகம் என்று எண்ணி நாள்தோறும் நீர் விட்டேன். தொட்டியைச் சாய்த்துப் பார்த்தபோது அடிமண் புளித்த வாடை அடித்தது. வேர்கள் கறுத்து, விரலால் இழுத்தால் தோல் உரிந்து வந்தது. அந்த வாடை இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

பாதி இலையாவது எஞ்சியிருக்கும் நிலையில் கண்டுபிடித்தால் காப்பாற்றலாம். மரத்தைத் தொட்டியிலிருந்து எடுத்து, கறுத்த வேர்களைக் கூர்மையான கத்தரியால் நீக்கி, அதே அளவுக்கு மேற்கிளையையும் குறைத்து, காற்றோட்டமுள்ள புதிய கலவையில் நடுங்கள். பையில் விற்கப்படும் தொட்டி மண்ணை அப்படியே பயன்படுத்தினால் சில மாதங்களில் இறுகிவிடுகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பெர்லைட், எரிமலைக் கற்பொடி, பருமணல் போன்ற ஏதேனும் ஒன்றைக் கலப்பது நல்லது. நட்ட பின் நிழலில் வைத்து, புதிய கொழுந்து தலைகாட்டும்வரை உரம் எதுவும் இடாதீர்கள்.

தொட்டியின் அடியில் தட்டு வைக்காமல், கல்லின் மீதோ சக்கரப் பலகையின் மீதோ உயர்த்தி வைத்தால் வடிதுளை அடைபடுகிறதா என்பது கண்ணுக்குத் தெரியும். தட்டு இருந்தே ஆகவேண்டும் என்றால் அதில் நீர் நிற்க விடக்கூடாது. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும். இறுகிய தொட்டி மண்ணைக் கிளறிவிடச் சொல்லித் தேசியச் சுற்றுப்புற வாரியம் அறிவுறுத்துவதும் இதே காரணத்திற்காகத்தான்: கெட்டியான மண்மேல் நிற்கும் சிறு குட்டையும் கொசுவுக்குப் போதும். மண்ணைக் கிளறுவது வேருக்கும் நல்லதே.

இலை மஞ்சளாகிறது

மஞ்சள் கொழுந்திலா, பழைய இலையிலா என்ற கேள்வி இங்கே மிகத் துல்லியமாகப் பயன்படுகிறது. புதிய இலைகள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச் சத்து கிடைக்கவில்லை. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கும். சாம்பலும் சுண்ணாம்பும் அளவு மீறிச் சேர்ந்து மண் காரமாகிவிட்டதால் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. அவற்றை நிறுத்திவிட்டு, வேர் எளிதில் எடுக்கக்கூடிய கிலேட் வடிவ இரும்புச் சத்தைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் கொடுங்கள். பழைய இலைகளில் நரம்புகளுக்கிடையே மஞ்சள் படர்ந்து, காம்புப் பக்கம் மட்டும் ஆப்பு வடிவில் பச்சை மிஞ்சினால் மக்னீசியக் குறை. ஒரு லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பைக் கரைத்து மாதம் ஒருமுறை மண்ணில் ஊற்றலாம். பழைய இலை முழுவதும் சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறை. அடியில் உள்ள ஓரிரு இலைகள் மஞ்சளாகி உதிர்வது மூப்பு, அதை விட்டுவிடலாம்.

இலைமேல் கரிப்பொடி படிந்தது போலிருக்கிறது, எறும்பு ஊர்கிறது

விரலால் தேய்த்தால் கருமை வந்துவிடும், கீழே இலை பச்சையாகவே இருக்கும். அது கரும்பூசணம். இலையைத் தின்பதில்லை, செதில்பூச்சி, மாவுப்பூச்சி, தத்துப்பூச்சி ஆகியவை கழிக்கும் இனிப்பு நீரின்மேல் வளர்வது அது. அந்த இனிப்புக்காக எறும்புகள் இப்பூச்சிகளைக் காவல் காக்கின்றன. ஆகவே பூசணக்கொல்லி தெளிப்பதில் பயனில்லை. இலையின் அடிப்பக்கத்தையும் காம்பு சேரும் இடுக்கையும் புரட்டிப் பாருங்கள். அங்கே பழுப்புச் செதில்களோ வெண்பஞ்சோ ஒட்டியிருக்கும். ஈரத் துணியால் துடைத்து, பிறகு ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி லிட்டர் வேப்ப எண்ணெயையும் சில துளி திரவச் சவர்க்காரத்தையும் கலக்கி, மாலை வேளையில் வாரம் ஒருமுறை மூன்று வாரம் தெளியுங்கள். இளங்கொழுந்தின் மேல் படவேண்டாம், அது கருகக்கூடும்.

மரம் செழிப்பாக இருக்கிறது, ஆனால் பூப்பதில்லை

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பொறுமையாக நான்கு இடங்களில் விடை தேட வேண்டும்.

முதலாவது, மரம் ஒட்டுக்கன்றா என்பது. தண்டின் அடியில் ஒட்டிய தழும்பு தெரியாவிட்டால் அது விதையிலிருந்து வந்தது. பூக்க ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகலாம், குட்டையாகவும் நிற்காது. தழும்புக்குக் கீழிருந்து கிளைத்த தண்டு மேற்பகுதியை அமுக்கி வளர்ந்திருந்தால், நீங்கள் வளர்ப்பது ஒட்டின் அடியில் இருந்த நாட்டு மாவை. தழும்புக்குக் கீழே எது முளைத்தாலும் கிள்ளிவிட வேண்டும். ரகமும் பொருட்டாகும். தசேரி மாவையும் நம் நீலம் மாவையும் கலந்து இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1971-இல் உருவாக்கிய ஆம்ரபாலி உண்மையான குட்டை ரகம். ஆனால் இந்த ஊர் வானிலைக்கு, ஆண்டில் ஒருமுறைக்கு மேல் பூக்கும் இயல்புடைய தாய்லாந்தின் சோக் அனானைத்தான் முதல் மரமாக வாங்கச் சொல்வேன். மூல ரகம் வேண்டும் என்று ஊரிலிருந்து பயணப்பெட்டியில் கன்று கொண்டுவர நினைப்பவர்கள், செடிகளுக்கு இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் தேவை என்பதை மறக்கக்கூடாது.

இரண்டாவது, வெயில். மாவுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் இங்கே மார்ச் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் பிற்பகுதிவரை வடபுறம் சாய்ந்தும், மற்ற மாதங்களில் தென்புறம் சாய்ந்தும் செல்கிறது. வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில் ஜூன் மாதத்தில் வெயில் கொட்டியதைக் கண்டு மரம் வைத்தவர், பூக்கவேண்டிய பிப்ரவரியில் அது முழு நிழலில் நிற்பதைக் கவனிப்பதில்லை. தெற்குப் பார்த்த வீட்டார் இதில் நற்பேறு பெற்றவர்கள். கிழக்கு, மேற்குப் பக்கங்களில் ஆண்டு முழுவதும் அரைநாள் வெயில் கிடைக்கும். ஒருவாறு அது போதும். வெயிலைத் தேடித் தொட்டியைக் கைப்பிடிச் சுவர்மீது ஏற்றுவது கீழே நடப்பவரின் உயிரோடு விளையாடுவது, எக்காரணத்திற்காகவும் செய்யாதீர்கள். பொதுத் தாழ்வாரத்தில் வைப்பவர்கள், அவசரகாலத்தில் வெளியேற 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்கவேண்டும் என்ற குடிமைத் தற்காப்புப் படையின் விதியையும் மனத்தில் கொள்ளவேண்டும்.

மூன்றாவதும் முதன்மையானதும் கிளைநுனியின் வயது. குளிர் இல்லாத நாட்டில் மாவைப் பூக்கச் செய்வது பெரும்பாலும் இதுவே. கடைசிக் கொழுந்து முற்றி நான்கைந்து மாதங்கள் அசையாமல் இருந்த நுனியில்தான் அடுத்து விழிக்கும் மொட்டு பூவாக மாறும் வாய்ப்பு மிகுதி. இடையில் மீண்டும் கொழுந்து விட்டால் கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது. மழையும் தழைச்சத்தும் கிளையை ஓயாமல் எழுப்பிக்கொண்டே இருப்பதுதான் இங்குள்ள சிக்கல். மாதந்தோறும் கோழி எரு இடுகிறவர்களின் மரம் ஆண்டுக்கு நான்கு முறை அழகாகத் தழைத்து ஒருமுறையும் பூக்காமல் நிற்பது இதனால்தான். செப்டம்பருக்குப் பிறகு தழைச்சத்தை நிறுத்தி, சாம்பல்சத்து (பொட்டாசியம்) மிகுந்த உரத்தைச் சிறிதளவே கொடுங்கள்.

நான்காவது, வறட்சி. ஜனவரிப் பிற்பகுதியிலிருந்து மழை குறையும்போது, நுனிகள் முற்றிய மரத்துக்கு நீரைக் குறைத்து, இலை மதியத்தில் சற்றே தளரும்வரை காத்திருந்து பிறகு கொடுங்கள். மழை தொடர்ந்தால் தொட்டியை மறைப்புக்குக் கீழே நகர்த்தலாம். அல்லது தண்டைச் சுற்றி மண்மீது நெகிழித் தாளைச் சரிவாகக் கட்டலாம். மண்ணில் நடப்பட்ட மரத்துக்கு இதைச் செய்ய முடியாது. தொட்டி மரத்தின் மிகப் பெரிய பலம் இதுவே. நான்கு முதல் ஆறு வாரத்தில் நுனிமொட்டு பருத்தால் நீரைப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

பண்ணைகளில் பூக்க வைக்கப் பயன்படும் பேக்லோபியூட்ரசால் என்னும் வளர்ச்சித் தடுப்பு மருந்து தொட்டி மண்ணில் நெடுங்காலம் தங்கி, அளவு மீறினால் கொழுந்தையே முடக்கிவிடும். அதே நோக்கில் தெளிக்கப்படும் பொட்டாசியம் நைட்ரேட் வெடிபொருள் செய்யவும் பயன்படுவது என்பதால் சிங்கப்பூரில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. வீட்டில் உண்ணப்போகும் நாலைந்து பழங்களுக்காக இரண்டையும் நாட வேண்டியதில்லை.

பூங்கொத்து கருகுகிறது, பிஞ்சு உதிர்கிறது

பூத்த பின் மழை தொடர்ந்தால், ஆந்த்ராக்னோஸ் என்னும் பூஞ்சை நோய் பூங்கொத்தைக் கரும்புள்ளியிட்டு எரித்துவிடும். இளங்கொழுந்திலும் இதே புள்ளிகள் வரும். ஈரம் பல மணி நேரம் நின்றால்தான் இது தொற்றும் என்பதால், பூங்கொத்து நீளத் தொடங்கியதும் மரத்தைக் கூரைக்குக் கீழ் இழுத்துவிடுவதே ஆகச் சிறந்த மருந்து. முடியாதவர்கள் பூ விரியும் முன்பே செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லியை ஒருமுறை தெளிக்கலாம். காலையில் கொத்தை மெல்ல உதறினால் நீரும் காய்ந்த பூக்களும் கொட்டிவிடும்.

ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கான பூக்கள் இருந்தாலும் பெரும்பாலானவை ஆண் பூக்கள். காய்ப்பது மிகச் சிலவே. மாவில் மகரந்தத்தைக் கொண்டுசெல்பவற்றில் ஈக்கள் முக்கியமானவை; உயர்மாடிகளில் அவை குறைவாக வந்தால், மென்மையான தூரிகையால் காலையில் கொத்தை வருடிவிடுங்கள். பட்டாணி அளவில் பிஞ்சுகள் கொட்டுவது இயல்பு, அதற்காக வருந்தாதீர்கள். எலுமிச்சை அளவுக்கு வளர்ந்தபின் கொட்டினால், நீர் ஒருநாள் மிகுந்தும் ஒருநாள் இல்லாமலும் போயிருக்கும். ஒட்டிய முதல் ஆண்டில் வரும் காய்களை நீக்கிவிடுவது மரத்துக்கு நல்லது. மனம் வராதவர்கள் ஒன்றை மட்டும் விட்டு, மற்றவற்றை வடுவாகவே பறித்து உப்பில் ஊறவையுங்கள்.

பழத்துக்குள் புழு, மரமோ கைக்கெட்டாமல் உயர்கிறது

பழ ஈ, முற்றும் காயின் தோலுக்குள் முட்டையிடுகிறது. காய் கோழிமுட்டை அளவானதும், கூரைக்குக் கீழே என்றால் காகிதப்பை, மழை படும் இடமென்றால் மெல்லிய வலைப்பை கட்டிவிட்டால் வேறு காப்பு வேண்டாம். பூத்துச் சுமார் மூன்று முதல் நான்கு மாதங்களில், காம்பைச் சுற்றித் தோள் புடைத்துக் காம்பு குழிக்குள் இறங்கியதும், ஒரு விரல் நீளக் காம்போடு வெட்டி, பால் வடியும்வரை தலைகீழாக வையுங்கள். அந்தப் பால் தோலிலும் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குட்டை ரகமும் வெட்டாமல் விட்டால் ஆளுயரத்தைத் தாண்டும். காய் பறித்த அதே வாரத்தில், எப்படியும் ஆகஸ்டு முடிவதற்குள், எல்லாக் கிளைநுனிகளையும் ஒரு முழம் அளவுக்கு ஒரே நாளில் கவாத்து செய்யுங்கள். அப்போது கொழுந்துகள் ஒன்றாக விழிக்கும். வலைப்பைகளையும் ஒன்றாக மாட்டலாம், ஒன்றாக அவிழ்க்கலாம். அடுத்த பிப்ரவரியில் மழை ஓயும்போது எல்லா நுனிகளும் பூக்கும் வயதை எட்டியிருக்கும்.